எடுத்துக்காட்டுக்கு ஓர் அக்கா

அவருடைய அக்கா அவரை ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவாள். சின்ன வயதில், யார் வாயைத் திறந்தாலும் அந்தச் சொல் தப்பு, இந்தச் சொல்தான் சரி என்று மூக்கை நுழைத்துக்கொண்டு திரிந்த பிள்ளை அவர். ‘அகராதி பிடிச்சவன்’ என்று வீட்டில் எல்லோரும் வைதார்கள். எட்டு வயது மூத்த அக்கா மட்டும் அந்தத் திட்டைச் செல்லப்பெயராக்கிக்கொண்டாள். பிற்பாடு அவர் நிஜமாகவே அகராதி போடுகிற ஒரு பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "பேரு வச்சவ நான். என்னைக் கேட்டுட்டுத்தான் அவங்க உன்னைச் சேர்த்திருக்கணும்" என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அகராதிக்கு ஐம்பத்தொன்பது வயது. கல்யாணம், குழந்தை குட்டி என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்பார். அது பொய்யும் இல்லை. ஏழு வருஷமாக ஒரே புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தையும் ஸ்பானிய மொழியையும் ஒன்றாகப் படிப்பதற்கான வினைச்சொல் கைநூல் அது. அதில் பதினான்காம் அத்தியாயத்தின் மேல்தான் அவருக்குப் பெருமை அதிகம். நினைவும் மறதியும் என்று தலைப்பு.

பெருமைப்படக் காரணமும் இருந்தது. ஆங்கிலக்காரன் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் ‘ஐ ஃபர்காட்’ என்கிறான். மறந்தது நான், குற்றவாளி நான் என்று முன்னால் வந்து நிற்கிறான். ஸ்பானியக்காரன் அப்படி லேசில் மாட்டிக்கொள்ள மாட்டான். ‘சே மே ஓல்விதாரோன் லாஸ் யாவேஸ்’ என்பான். சாவிகள் தாமாகவே மறந்துபோயின, அது எனக்கு நேர்ந்தது, அவ்வளவுதான். நினைவிலும் அப்படியே. ஆங்கிலப் பேச்சுக்கு ‘ரிமெம்பர்’ என்ற ஒரு வினையே போதும், தேடிப் பிடித்து நினைத்தாலும் அதுவாக வந்து விழுந்தாலும் அதுதான். ஸ்பானியத்துக்கு ‘ரெகோர்தார்’ ஒன்று, ‘அகோர்தார்சே’ ஒன்று; முந்தையதைக் கொண்டே அடுத்தவனுக்கு ஞாபகப்படுத்தவும் செய்யலாம். தமிழனோ இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறான். மனசு வந்தால் ‘மறந்துட்டேன்’, வராவிட்டால் ‘மறந்துபோச்சு’. நினைவு என்று வந்துவிட்டால் அவன் பெரும்பாலும் ஒன்றுமே செய்வதில்லை. ஞாபகம் தானாக வருகிறது, இருக்கிறது, போகிறது. இதையெல்லாம் அகராதி பதினோரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரியையும் நான்கு தடவை திருத்தியிருந்தார்.

புத்தகத்துக்கு அவரே போட்ட சட்டம் ஒன்று உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுகூட இட்டுக்கட்டியதாக இருக்கக்கூடாது. ‘சிறுவன் பந்தை உதைத்தான்’ மாதிரி, உயிருள்ள யாரும் யாரிடமும் சொல்லாத வாக்கியங்களைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். ஒருவர் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். வந்த சூட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய சீட்டு. நடுவில் வாக்கியம், மேலே வினைச்சொல், கீழே தேதி, பக்கத்தில் சொன்னவருக்கு ஓர் எழுத்து. சீட்டு உடனே அந்தந்த வினைக்கான அட்டைப் பெட்டிக்குள் போய்விடும். அவர் தேநீர் குடிக்கப் போனால் அலுவலகமே வாயை மூடிக்கொள்ளும். "சார் வர்றாரு, இலக்கணமா இருமுங்க" என்று கணக்குப் பிரிவில் ஒருவர் சொன்னதைக்கூட அவர் விடவில்லை. அதுவும் ‘இருமு’ பெட்டியில் இருந்தது.

ஆனால் அள்ள அள்ளக் கிடைத்தது அக்காவிடம்தான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவள் போன் செய்வாள். அத்தானின் காலத்துக்குப் பிறகு மகளோடு இருந்தாள். மகள் மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆளில்லை. அகராதி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கை ஒழிந்திருக்கும்படி பேனாவோடு உட்கார்ந்துகொள்வார். அக்காவின் பேச்சில் சப்பென்ற வாக்கியமே கிடையாது. சொன்னவருக்கான எழுத்தாக ‘அ’ என்று போட்ட சீட்டுகள்தான் பெட்டிக்குப் பெட்டி நிறைந்திருந்தன.

அந்த அக்காவைத்தான் போன செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். கடைக்குப் போனவள் மழைக்குள் எங்கெங்கோ நடந்துவிட்டு, யாரோ ஒருத்தியின் கைப்பிடியில் வீடு வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. பாத்திரம் கருகியது, பெயர்கள் போயின, நடை தள்ளாடியது, பேத்தியை ஒருநாள் "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டாள். நாலு மணிப் போனும் நின்றுபோயிருந்தது. வேலை நெருக்கடியில் இருந்த அகராதி, அக்கா ஓய்வெடுக்கட்டும் என்று அதற்கு ஒரு நல்ல அர்த்தம் கற்பித்துக்கொண்டார்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்ப ஆரம்பிச்சதும்மா?"

"ஆறு மாசம் டாக்டர்" என்றாள் அக்கா மகள். "அந்த மழைநாள்ல இருந்துதான். அதுக்கு முன்னாடி அம்மா ரொம்ப நல்லா இருந்தாங்க. இல்ல மாமா?"

அகராதி தலையாட்டினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்" என்றார் டாக்டர். "தலைக்குள்ள நீர் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து மூளையை அழுத்துது. சின்னக் குழாய் ஒண்ணு வச்சு வடிய விடலாம். சீக்கிரமே கண்டுபிடிச்சவங்களுக்கு நடையும் ஞாபகமும் நிறையவே திரும்பியிருக்கு. ரெண்டு மூணு வருஷமா இருந்துச்சுன்னா பெருசா எதிர்பார்க்க முடியாது. இவங்களுக்கு இதயம் வேற பலவீனம், மயக்க மருந்தே ஆபத்து. ஆறு மாசம்தான்னா நான் துணிஞ்சு பண்ணுவேன். திங்கக்கிழமை வாங்க, நாள் குறிச்சிடலாம்."

மகளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். அம்மாவின் கையைப் பிடித்து, "கேட்டீங்களாம்மா? எல்லாம் திரும்ப வந்துடும்" என்றாள். அக்கா மரியாதைக்குச் சிரித்தாள். அந்த நேரத்தில் அகராதி என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘ஞாபகம் திரும்பியிருக்கு’ என்று டாக்டர் சொன்ன விதம் பிடித்துப்போய், சட்டைப்பையில் சீட்டு இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை, பதிப்பகத்திலிருந்து பதிப்பாசிரியர் அம்மாள் கூப்பிட்டார். வயதில் சின்னவர், வேலையில் கறார். "சார், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னவங்ககிட்ட எல்லாம் ஒப்புதல் வாங்கணும். யாரு சொன்னது, எப்ப சொன்னதுன்னு ஆளுக்கொரு பட்டியல் போட்டுக் குடுங்க. தேதிவாரியா."

"வினைவாரியா இருக்கே, அது போதாதா?"

"வினைகிட்டயா சார் கையெழுத்து வாங்க முடியும்?"

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எல்லாப் பெட்டிகளிலிருந்தும் ‘அ’ போட்ட சீட்டுகளை உருவி எடுத்தார். இருநூறுக்கு மேல் தேறின. வருஷம், மாதம், நாள் என்று அடுக்க ஆரம்பித்தார். இந்தச் சீட்டுகள் பிறந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான்.

முதல் மூன்று வருஷம் அக்கா எல்லாவற்றையும் பேசியிருந்தாள். பக்கத்து வீட்டு நாய், தையற்காரி கெடுத்த ரவிக்கை, மாப்பிள்ளையின் குறட்டை. நாலாவது வருஷ நடுவில் ஒரு சீட்டு: "பேரு தொண்டை வரைக்கும் வருது, வெளிய வர மாட்டேங்குது." பத்து நாள் கழித்து இன்னொன்று: "அடுப்புல பாலை வச்சதே மறந்துபோச்சுடா." அடுத்த மாதம்: "எதுக்கு இந்த ரூமுக்குள்ள வந்தேன்னு தெரியல, கதவைப் பிடிச்சுட்டு நின்னேன்."

அகராதி அடுக்குவதை நிறுத்தவில்லை, கைதான் மெதுவாகியது. "இப்பல்லாம் எதுவும் உள்ள தங்க மாட்டேங்குது." "நேத்து உன்கிட்டப் பேசினேனா? பேசினது ஞாபகம் இருக்கு, என்ன பேசினேன்னு இல்ல." "காலு தரையோட ஒட்டிக்கிற மாதிரி இருக்கு." இது மறதி வாக்கியம் இல்லை என்பதால் ‘ஒட்டு’ பெட்டிக்குப் போயிருந்தது. "எட்டு வைக்க பயமா இருக்கு." இது ‘வை’ பெட்டி. டாக்டர் சொன்ன நோயை, டாக்டர் சொல்வதற்கு மூன்று வருஷம் முன்பே, தன் கையாலேயே துண்டு துண்டாக்கி ஏழெட்டுப் பெட்டிகளில் பத்திரப்படுத்தியிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சீட்டில் கண் நின்றது. "பஸ்ஸை விட்டு இறங்கினேன், வீட்டுக்கு வழி மறந்துபோச்சு…" என்று எழுதி மூன்று புள்ளி வைத்திருந்தார். மழைநாளுக்கெல்லாம் எவ்வளவோ முன்பு. அந்தச் சீட்டு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஸ்பானிய ‘சே மே ஓல்விதோ’வுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது என்று துள்ளிக் குதித்த நாள் அது. அத்தியாயத்தின் முதல் எடுத்துக்காட்டே அதுதான். மூன்று புள்ளிக்கு அப்புறம் அக்கா என்ன சொன்னாள்? நிறையச் சொன்னாள், அது மட்டும் தெரிந்தது. சீட்டில் இடம் இல்லாததால் வெட்டினார். மண்டையைப் பிய்த்துக்கொண்டு யோசித்துப் பார்த்தார். ஒரு சொல்கூட வரவில்லை.

மனிதன்தானே, முதலில் தோன்றியது தப்பிக்கிற வழிதான். ஆறு மாதம் என்று சொல்லியாகிவிட்டது. யாரும் கேட்கப்போவதில்லை. பட்டியலைப் பதிப்பகத்துக்கு அனுப்பினால் அங்கே யார் அதை நோய்க்குறிப்பாகப் படிக்கப்போகிறார்கள்? ஒருவேளை ஆபரேஷனில் நல்லதே நடந்துவிட்டால்? இப்படி மத்தியானம் வரை தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடினார். பிறகு டாக்டர் சொன்ன மயக்க மருந்து நினைவுக்கு வந்தது. வராத ஞாபகத்துக்காக அக்காவைக் கத்திக்குக் கீழே படுக்க வைத்து, அதில் ஏதாவது ஆகிவிட்டால், அதற்கும் சேர்த்து ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அகராதி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அழுது பழக்கமில்லாத மனிதர். விக்கல் மாதிரிதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்துப் பார்த்தார். ‘கவனத்துக்கு வராமல் போய்விட்டது.’ ‘அப்போது தோணாமல் போச்சு.’ ‘இப்படி ஆகிவிட்டது.’ ஒன்றிலும் ஆளே இல்லை. இத்தனை வருஷம் மூன்று மொழி படித்ததற்கு, நழுவுவதற்கு மூன்று மடங்கு வழி தெரிந்திருந்தது, அவ்வளவுதான். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது வாக்கியம் எதுவும் கைவசம் இல்லை.

அக்கா ஜன்னலோரம் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவரைப் பார்த்ததும், "வாங்க, உட்காருங்க. அவ உள்ள இருக்கா" என்றாள்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது, தெரியுது" என்று அவசரமாகச் சொன்னாள். தெரியாதபோது சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில். "சாப்டீங்களா?"

சமையலறையில் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை, எடுத்துப்போக வேண்டியவை, கடையில் கேட்டிருக்கிற விடுப்பு. "வாங்க மாமா. கடையில பதினஞ்சு நாள் லீவு குடுத்துட்டாங்க. அம்மாவுக்கு நைட்டி ரெண்டு புதுசா வாங்கியிருக்கேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அம்மாவை உங்களுக்குப் போன் பண்ண வைக்கணும்."

"ஆறு மாசம் இல்லம்மா" என்றார் அகராதி.

"என்ன மாமா?"

"ஆறு மாசம் இல்ல. மூணு வருஷத்துக்கு மேல ஆகுது. எனக்குத் தெரியும். என்கிட்டதான் சொன்னா. நான் எழுதி வச்சேன். நான் கேக்கல."

ரப்பர்பாண்டு போட்ட சீட்டுக் கட்டைப் பையிலிருந்து எடுத்து மேடையில் வைத்தார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு முதல் சீட்டை எடுத்தாள். நின்றபடியே படித்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டப் புரட்ட அவள் முகத்திலிருந்த வெளிச்சம் இறங்கியதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வது மேலும் ஒரு துரோகம் என்று பட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி வழி மறந்த சீட்டு வந்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இதே வீட்டுலதானே மாமா இருந்தேன். தினம் நூறு பேருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ பயந்துடுவேன்னு நெனச்சிருப்பா."

"உங்ககிட்டச் சொன்னா ஏதாவது பண்ணுவீங்கன்னு நெனச்சிருப்பாங்க."

கூடத்தில் அக்கா துண்டை உதறுகிற சத்தம் கேட்டது.

மகள் எழுந்துபோய், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து எடுத்து நாலாக மடித்தாள். "நாளைக்கு இதையெல்லாம் டாக்டர்கிட்டக் காட்டறேன். வேண்டாம்னுதான் சொல்வாரு. நானும் அதைத்தான் சொல்வேன். அம்மா இருக்கற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

"என்னை நல்லாத் திட்டிடும்மா."

"திட்டி என்ன மாமா ஆகப்போகுது?" கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். களைத்துப்போய்ச் சொன்னாள். வழி மறந்த அந்தச் சீட்டைத் தனியே எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அம்மா அன்னைக்கு வழி தெரியாம நின்னுட்டு, எப்படியோ வீடு வந்து சேர்ந்து, உங்களுக்குப் போன் பண்ணி இதைச் சொல்லியிருக்காங்க. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், அந்த வீட்டில் அதை யாரும் நம்பாமல் இருக்க முடியாது. ஆனால் இது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் சொல்கிற ஒரே பதில்தான் அது.

"இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுக்கா, எழுதிக்கறேன்னு சொன்னேன்."

"அம்மா என்ன பண்ணாங்க?"

"சொன்னா" என்றார் அகராதி. "அழுதுட்டிருந்தா போல இருக்கு, குரல் அடைச்சிருந்துச்சு. தொண்டையைச் செருமிட்டு, நான் எழுதி முடிக்கற வரைக்கும், வார்த்தை வார்த்தையா, நிறுத்தி நிறுத்திச் சொன்னா."